தேய்ந்ததை மீட்ட கணக்கு



பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோரை நம்மில் மூத்தோர் அனைவரும் கண்டிருப்போம். தெருவோரத்தில் சிறு குழி தோண்டி, கரியிட்டுத் துருத்தியால் ஊதி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய வெள்ளீயத்தைத் துணிப்பந்தால் உள்ளெங்கும் பரப்புவார்கள். பச்சை பூத்த அண்டா சில நிமிடங்களில் வெள்ளிபோல் மின்னும். நாம் குடியேறியுள்ள வடநாட்டு நகரங்களில் ‘கலாயி’ என்று கூவிச் சென்றவர் செய்ததும் இதே தொழில்தான். பாத்திரத்தை எறிந்துவிடாமல், தேய்ந்த பூச்சை மட்டும் புதுப்பிப்பது அதன் நோக்கம். இந்த எளிய எண்ணம் மின்சாரத்தின் துணையோடு ஆலைக்குள் நுழைந்து, தேய்ந்த இயந்திர உறுப்புகளை மீட்கும் நுட்பமான கலையாக வளர்ந்த வரலாற்றை இன்று காண்போம்.

இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1800-இல் மின்கலத்தைப் படைத்தார். ஐந்தே ஆண்டுகளில் அவருடைய நாட்டினரான புருக்னடெல்லி, அக்கலத்தின் மின்னோட்டத்தைக் கொண்டு வெள்ளிப் பதக்கங்களின் மீது தங்கத்தைப் படியச் செய்தார். ஆயினும் அவரது வெற்றி நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1838-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் யாக்கோபி என்பவர், உருவங்களின் மீது செம்பைப் படியவைத்து அவற்றின் நகலை எடுக்கும் முறையை வெளியிட்டார். 1840-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து எல்கிங்டன் குடும்பத்தார் வெள்ளி முலாமுக்குக் காப்புரிமை பெற்றனர். கரண்டிகளும் தட்டுகளும் பணக்காரர் அல்லாதோர் இல்லங்களிலும் வெள்ளியாய் ஒளிர்ந்தன. கலங்களை நம்பியிருந்த இத்தொழிலுக்கு, 1844-இல் அதே நகரில் உல்ரிச் உருவாக்கிய மின்னாக்கி புதிய வலிமை தந்தது. எனினும், இக்காலம் முழுவதும் மின்முலாம் பெரிதும் அழகுக்கே பயன்பட்டது. ஒரு தண்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு உலோகம் படிய வேண்டும் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

அந்தக் கேள்விக்கான விடை மட்டும் முன்னரே பிறந்துவிட்டது. மைக்கேல் ஃபாரடே 1830-களின் தொடக்கத்திலேயே மின்னாற்பகுப்பு விதிகளைக் கண்டறிந்தார். படியும் உலோகத்தின் எடை, பாய்ந்த மின்சாரத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது அவற்றின் சாரம். ஓர் உலோகத்தின் சமான எடையைக் கிராமில் படியவைக்க ஏறத்தாழ 96,500 கூலம் மின்சாரம் தேவை. அப்படியாயின் ஆம்பியரையும் நேரத்தையும் பரப்பளவையும் அறிந்தவன், பொருளைத் தொட்டியில் இறக்குவதற்கு முன்பே பூச்சின் சராசரித் தடிமனைத் தாளில் எழுதிவிடலாம் அன்றோ? ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. அமிலத் தொட்டியில் போடுவதையும் அளந்து போட வழி செய்தவர் ஃபாரடே.

அந்த வழியில் உலகம் நடக்கப் போரின் நெருக்கடி தேவைப்பட்டது. முதல் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் படையின் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைகளில், தேய்ந்த உறுப்புகளின் மீது மின்சாரத்தால் இரும்பைப் படியவைத்து அளவுக்குக் கொண்டுவந்தனர். ஆனால் உராய்வைத் தாங்க இரும்பினும் கடினமான பூச்சு வேண்டியிருந்தது. குரோமியம் 1797-இலேயே பிரெஞ்சு ரசாயன அறிஞர் வோக்லானால் கண்டறியப்பட்ட உலோகம். எனினும் அது நூறாண்டுக்கு மேலாக முலாமுக்கு எளிதில் இணங்கவில்லை. 1920-களில் அமெரிக்க அறிஞர்கள் சார்ஜென்டும் ஃபிங்கும் செய்த ஆய்வுகள் அதை வசப்படுத்தின. குரோமிக் அமிலம் நூறு பங்குக்குக் கந்தக அமிலம் ஒரு பங்கு என்ற அளவு காக்கப்பட்டால் பூச்சு ஒழுங்காகப் படியும் என்பதே அதன் மறைபொருள். அதன் பின்னர் வார்ப்புகளும் அச்சுகளும் சிலிண்டர்களும் கடினக் குரோமியத்தால் மறுவாழ்வு பெறலாயின.

இனி ஒரு பழுதின் திட்டத்தைப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு ஒன்று, தாங்கியில் சுழலும் இடத்தில் 49.90 மில்லிமீட்டராகத் தேய்ந்துவிட்டது எனக் கொள்வோம். தேய்மானம் எங்கும் ஒரே சீராக இராது. ஆகவே முதலில் அதைச் சாணைப் பொறியில் கடைந்து 49.80 ஆகக் குறைத்துச் சீராக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் இன்னும் குறைக்க வேண்டியிருப்பது புதியவர்க்கு வியப்பளிக்கும். பின்னர் 50.10 வரை முலாமிட வேண்டும்; அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் 0.15 மில்லிமீட்டர். கடினக் குரோமியம் மணிக்கு ஏறத்தாழ 0.025 மில்லிமீட்டர் படியும் தொட்டியில் இதற்கு ஆறு மணி நேரமாகும். இறுதியில் மிகுதியைச் சாணையில் நீக்கினால் பழைய 50 மில்லிமீட்டர் மீளும். தேய்மானம் மிக ஆழமாயின், அடியில் நிக்கலைத் தடித்த படலமாகப் படியவைத்து மேலே குரோமியம் இடுவதுண்டு.

ஆனால் மின்னோட்டம் எங்கும் சமமாகப் பாய்வதில்லை. கூர்மையான விளிம்புகளிலும் முனைகளிலும் அது திரண்டு நிற்கும், பள்ளங்களை ஒதுக்கிவிடும். அதனால் விளிம்பில் பூச்சு முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, நடுவில் மெலிந்துவிடும். அனுபவமுள்ள பணியாளர், மிகுதி மின்னோட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் கம்பிகளை முனையருகே கட்டுவார்; நேர்மின்வாயான காரீயத் தகட்டைத் தண்டின் வடிவத்துக்கேற்ப வளைப்பார்; முலாம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடுவார். இன்னோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தொட்டியில் குரோமியத்தோடு ஹைட்ரஜனும் வெளிப்பட்டு உருக்கினுள் புகும். வலிமை மிக்க உருக்கு அதனால் நொறுங்குந்தன்மை பெற்று, பணியின்போது திடீரென முறியக்கூடும். முலாமிட்டவுடன் ஏறத்தாழ 190 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வாட்டி, வாயுவை வெளியேற்றுவது இதற்கு மருந்து. மேலே பளபளக்கும் உறுப்பு உள்ளே நலமாய் இருக்கிறதா என்பது இந்த ஒரு படியைப் பொறுத்தது.

சுதந்திரம் பெற்ற நமது நாடு இந்த விஞ்ஞானத்தின் தேவையை விரைவில் உணர்ந்தது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் அதற்கென 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் வழங்கினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். செட்டிநாட்டுச் செம்மண்ணில் எழுந்த அந்நிலையத்தின் ஆய்வுத் துறைகளுள் மின்முலாமும் ஒன்று என்பதை, தொலைவில் வாழும் நாம் பெருமையோடு நினைவுகூரலாம்.

எனினும் இக்கணக்கில் இன்னொரு பத்தி உண்டு. அதை நெடுங்காலம் எவரும் எழுதவில்லை. தொட்டியிலிருந்து எழும் குரோமிக் அமிலப் புகை, பணியாளரின் தோலைப் புண்ணாக்கியது. மூக்கின் நடுச்சுவரைத் துளைத்தது. இவ்வகைக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-இல் வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தனி அனுமதியின்றி அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உலோகத் துகளை மிகு வேகத்தில் வீசிப் படியவைக்கும் மாற்று முறைகளும் பெருகி வருகின்றன.

ஓர் உறுப்பை மீட்பது சிக்கனம். ஏழை நாட்டுக்கு அது கடமையும் ஆகும். ஆனால் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பொறியும், கையுறையும், கழிவுநீரைத் தூய்மையாக்கும் தொட்டியும் திட்டத்தில் இடம்பெறவில்லையெனில், நாம் சேமித்ததாகக் கருதும் தொகையை எவரோ ஒரு பணியாளர் தம் உடலால் செலுத்துகிறார் என்பதே பொருள். தண்டின் தேய்மானத்தை நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளக்கக் கற்றுக்கொண்டோம். அருகில் நிற்பவரின் தேய்மானத்தையும் அதே கவனத்தோடு அளக்கும் நாளில்தான் இக்கணக்கு முழுமை பெறும்.