கரும்பொருளைத் தேடும் கண் பிறந்த கதை

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்வார். அன்று மாலை கிழக்கே எழும் முழுநிலவை ஒட்டி இருப்பது மக நட்சத்திரம். கோட்டுச்சேரியில் எந்த வாசலில் நின்றும் பார்க்கலாம். மகத்துக்கு வடக்கே, கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு மூன்று விரல் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குள்ள கேலக்ஸி இருக்கிறது. அதன் பெயர் செக்யூ 1. தொலைவு சுமார் 75,000 ஒளியாண்டு. மொத்த ஒளியும் சில நூறு சூரியன்களுக்குத்தான் ஈடு. ஆனால் எடை பல லட்சம் சூரியன்களுக்குச் சமம். ஒளிராத அந்த மிச்ச எடைதான் கரும்பொருள்.

இப்படி ஒளிராத எடை இருக்கிறதோ என்ற சந்தேகம் பிறந்தது 1933-ல். கோமா கேலக்ஸிக் கூட்டத்தை ஆராய்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, அதிலுள்ள கேலக்ஸிகள் ஓடும் வேகத்துக்குக் கூட்டம் சிதறிப்போயிருக்க வேண்டும் என்று கண்டார். சிதறவில்லை என்றால், காணாத ஏதோ ஒன்று அவற்றை ஈர்த்துப் பிடித்திருக்கிறது. 1983-ல் மார்க் ஆரன்சன் டிராக்கோ என்ற குள்ள கேலக்ஸியில் மூன்றே விண்மீன்களின் வேகத்தை அளந்து, அங்கேயும் அதே கதைதான் என்றார். மூன்றை வைத்து முடிவு சொல்வதா என்று தயங்கியவர்கள் உண்டு. பின்னால் வந்த அளவீடுகள் அவர் பக்கமே நின்றன.

காணாத பொருளை எப்படிக் காண்பது? கரும்பொருள் துகள்கள் இரண்டு மோதி அழிந்தால் காமா கதிர் பிறக்கலாம் என்ற கருத்து 1978-ல் எழுந்தது. கரும்பொருள் அதிகம் குவிந்திருப்பது நம் பால்வீதியின் மையத்தில். ஆனால் அங்கே பல்சார் என்னும் சுழலும் விண்மீன்களும் வெடித்த விண்மீன்களின் எச்சங்களும் தாமே காமா கதிரை உமிழ்கின்றன. தேரோட்டக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுமா? செக்யூ 1, டிராக்கோ போன்ற குள்ள கேலக்ஸிகளில் வாயு ஏறக்குறைய இல்லை. புதிய விண்மீன்கள் பிறப்பதில்லை. அங்கிருந்து காமா கதிர் வந்தால் சந்தேகப்பட வேறு ஆளில்லை. டிராக்கோவையும் அர்சா மைனர் என்ற இன்னொரு குள்ள கேலக்ஸியையும் பாருங்கள் என்று 1990-ல் ஜார்ஜ் லேக் 'நேச்சர்' இதழில் எழுதினார். இந்தத் தேடலின் விதை அதுதான்.

பார்க்கும் கருவிக்குத் தனி வரலாறு இருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. காமா கதிர் தரைக்கு வந்து சேராது. காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அந்த மழை ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் நீல ஒளியாக மின்னும். அதற்குச் செரன்கோவ் ஒளி என்று பெயர். 1952-ல் இங்கிலாந்தில் கால்பிரெய்த், ஜெல்லி இருவரும் ஒரு குப்பைத் தொட்டிக்குள் கண்ணாடியை வைத்து வானத்தில் இந்த ஒளியைப் பிடித்தார்கள். பல்சார்கள் கண்டறியப்பட்ட சூட்டோடு, 1969-ல், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. வி. ஸ்ரீகண்டன் குழு ஊட்டியில் சர்ச்லைட் கண்ணாடிகளைக் கொண்டு காமா கதிர்த் தேடலைத் தொடங்கியது. இந்தியாவில் இத்துறை பிறந்தது அந்த மலையில்தான். 1980-களில் அந்தப் பணி மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்கும், பிறகு லடாக்கின் ஹான்லேவுக்கும் நகர்ந்தது.

ஹான்லேயில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் அகலக் கண்ணாடியுடன் இன்று நிற்கிறது மேஸ் தொலைநோக்கி. கட்டியது பாபா அணு ஆராய்ச்சி மையம். திறப்பு விழா 2024 அக்டோபர் 4. கரும்பொருள் தேடலும் அதன் நோக்கங்களில் ஒன்று. இந்தத் தொலைநோக்கிக்கு ஏற்றது நிலவொளி இல்லாத இரவு. மாசி மகம் போன்ற பௌர்ணமி இரவு அதற்கு உதவாது.

இதுவரை தேடியவர்களுக்குக் கிடைத்தது என்ன? லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகள் செக்யூ 1-ஐ ஏறத்தாழ 160 மணி நேரம் பார்த்தன. காமா கதிர் எதுவும் தென்படவில்லை. 2008-ல் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோள் 15 குள்ள கேலக்ஸிகளை ஆறாண்டு பார்த்தது. அங்கும் இல்லை. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். புரோட்டானைப் போல நூறு மடங்கு வரை எடையுள்ள கரும்பொருள் துகள்கள் பற்றிய எளிய கணிப்புகள் பலவற்றை, 2015-ல் வெளியான அந்த ஃபெர்மி முடிவு தள்ளுபடி செய்துவிட்டது. இல்லாத இடம் தெரிந்தால் தேட வேண்டிய இடம் சுருங்கும். அறிவியலில் அது சம்பாத்தியம்.

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு எதுவென்று இன்னும் யாருக்கும் தெரியாது. கோட்டுச்சேரியில் பிளஸ் டூ இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி இது. கருவி நம் நாட்டிலேயே நிற்கிறது. இயற்பியலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.