அந்தக் குளத்தில் யார் இறங்கலாம்?

நம் நீச்சல் குளத்தின் வாசலில் ஒரு விதிமுறைப் பலகை இருக்கிறது. தலையில் கேப் அணிய வேண்டும், ஷவரில் குளித்துவிட்டே இறங்க வேண்டும், இத்தனை விருந்தினர்களுக்கு மேல் அழைத்துவரக் கூடாது... பாதி படித்ததும் உள்ளே போய்விடுகிறோம். இதே போன்ற ஒரு குடியிருப்போர் சங்கக் குளத்தின் விருந்தினர் விதி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கோடை விடுமுறை இதழில் அந்தக் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது.

முதலில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடக்கு நகரங்களில் நகராட்சிகள் கட்டிய குளங்கள் பெரும்பாலும் ஏழைத் தொழிலாளர்களுக்கானவை. ஆண்களுக்கு ஒரு நாள், பெண்களுக்கு ஒரு நாள். பல இடங்களில் கறுப்பினச் சிறுவர்களும் வெள்ளைச் சிறுவர்களும் ஒன்றாகவே குதித்தார்கள். 1920களில் குளங்கள் பெரிதாயின. சுற்றிலும் மணல், புல்வெளி என்று குடும்பத்தோடு பொழுதைக் கழிக்கும் இடங்களாக மாறின. ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் இறங்கலாம் என்று ஆனதும், கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களோடு ஒரே நீரில் இருப்பதா என்ற கேள்வி எழுந்தது. அன்று விழுந்த தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. தெற்கு மாநிலங்களில் சட்டம் தடுத்தது. வடக்கில் அப்படிச் சட்டம் இல்லாத ஊர்களிலும் கல்லும் கம்பும் அந்த வேலையைச் செய்தன.

ஏரியிலும் அதே கதைதான். 1919 ஜூலை 27, சிகாகோ. மிச்சிகன் ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயது கறுப்பினச் சிறுவன் நண்பர்களோடு ஒரு மரத் தெப்பத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். தெப்பம் வெள்ளையர் குளிக்கும் பக்கமாக நகர்ந்துவிட்டது. தண்ணீரில் கோடு ஏதும் இல்லை. கரையிலிருந்து கற்கள் பறந்தன. சிறுவன் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைது செய்யப் போலீஸ்காரர் மறுத்தார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் உயிரிழந்தனர்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1949 ஜூன் 21 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளம் எல்லா இனத்தவருக்கும் திறக்கப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய குளங்களில் அதுவும் ஒன்று. சுமார் 30 கறுப்பினச் சிறுவர்கள் நீந்த வந்தார்கள். அன்று மாலைக்குள் பெருங்கூட்டம் திரண்டு அடிதடி ஆனது. நகர நிர்வாகம் பழைய தடையையே திரும்பக் கொண்டுவந்தது. பிறகு நீதிமன்றம் அதை நீக்கியபோது வெள்ளையர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல் இருந்த வருகை சுமார் 10,000 ஆகச் சரிந்தது. சில ஆண்டுகளில் குளத்தையே மூடிவிட்டார்கள்.

1964 ஜூன் 18 அன்று ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மான்சன் மோட்டார் லாட்ஜ் என்ற ஓட்டலின் குளத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து இறங்கி அறப்போராட்டம் நடத்தினார்கள். ஓட்டல் மேலாளர், குளம் கழுவும் ஆசிட்டைக் கொண்டுவந்து அவர்கள் இருந்த தண்ணீரில் ஊற்றினார். அந்தப் படம் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. மறுநாள் செனட் சபையில் சிவில் உரிமைகள் சட்டம் நிறைவேறியது. ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

சட்டம் வந்ததும் கதை முடிந்துவிடவில்லை. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம், எல்லோரையும் சேர்ப்பதைவிடப் பொதுக் குளங்களே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது. எல்லோருக்கும் சேர்த்து மூடினால் அது பாகுபாடு ஆகாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வசதி படைத்தவர்களோ தங்களுக்கென்று குளம் கட்டிக்கொண்டார்கள். 1950-இல் நாடு முழுவதும் சுமார் 2,500 வீடுகளில் மட்டுமே சொந்த நீச்சல் குளம் இருந்தது. 1999-இல் அது 40 லட்சம் ஆனது. புறநகர்களில் குடியிருப்போர் கூடி நடத்தும் குள சங்கங்களும் பெருகின.

அவற்றில் ஒன்றுதான் வாஷிங்டனுக்கு அருகில், மேரிலாந்து மாநிலத்தில், 1958-இல் தொடங்கிய வீட்டன்-ஹேவன் சங்கம். முக்கால் மைல் சுற்றளவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறுப்பினராக முன்னுரிமை. மொத்தம் 325 குடும்பங்கள் வரை. அந்த வட்டாரத்தில் வீடு வாங்கியிருந்த ஒரு கறுப்பினத் தம்பதி 1968-இல் உறுப்பினராக விரும்பியபோது விண்ணப்பப் படிவம்கூடக் கொடுக்கவில்லை. அதே கோடையில் டில்மன் என்ற வெள்ளை உறுப்பினர் குடும்பம் கறுப்பினத் தோழி ஒருவரை விருந்தினராக அழைத்துவந்தது. விதிப்படி அன்று உள்ளே விட்டார்கள். உடனே செயற்குழு அவசரமாகக் கூடி விதியைத் திருத்தியது: இனி உறுப்பினர்களின் உறவினர்கள் மட்டுமே விருந்தினர்களாக வரலாம்.

அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நிறம் என்ற சொல்லே அதில் இல்லை. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நினைக்கும் எந்தச் சங்கமும் எழுதக்கூடிய, பார்வைக்கு நியாயமான விதி. கீழ் நீதிமன்றங்கள் சங்கத்தின் பக்கமே நின்றன. 1973-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மாற்றித் தீர்ப்பளித்தது. வீடு வாங்குவதோடு வரும் சலுகைதான் குளத்துக்கான முன்னுரிமை. அதை ஒரு இனத்துக்கு மட்டும் மறுத்தால் அவர்கள் வாங்கிய வீட்டின் மதிப்பையே குறைப்பதாகும் என்றது.

இத்தனை ஆண்டுகள் கதவு மூடியிருந்ததன் விலை என்ன? நீந்தத் தெரியாத பெற்றோர் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடுவதில்லை. அந்தப் பிள்ளைகளும் பெற்றோராகும்போது அதையே செய்கிறார்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பினக் குழந்தைகளில் 64 சதவீதத்தினருக்கு நீச்சல் அறவே தெரியாது அல்லது சிறிதளவே தெரியும். வெள்ளைக் குழந்தைகளில் இது 40 சதவீதம். 10 முதல் 14 வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகள் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம், வெள்ளைக் குழந்தைகளைப் போல் 7.6 மடங்கு என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சிமோன் மேனுவல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றார். நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். அதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் ஊர் வேறு, நம் குளம் வேறு. நம் விதிகளை யாரையும் விலக்கும் எண்ணத்தோடு யாரும் எழுதவில்லை. பராமரிப்புச் செலவு, பாதுகாப்புப் பொறுப்பு எல்லாம் உண்மையான கவலைகள்தான். ஆனாலும் நம் பிளாக்குகளில் வேலை செய்யும் அக்காக்களின் பிள்ளைகள் விடுமுறை நாட்களில் கம்பி வேலிக்கு வெளியே நின்று, உள்ளே நடக்கும் நீச்சல் வகுப்பை வேடிக்கை பார்ப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஊருக்குப் போனால் கிணற்றிலும் கல்குவாரியிலும் இறங்கப் போகிறவர்கள் அவர்கள். நீச்சல் யாருக்கு அதிகம் தேவை என்று கேட்டால், பதில் வேலிக்கு வெளியே நிற்கிறது.

வார நாட்களில் மதியம் வரை நம் குளம் காலியாகத்தான் கிடக்கிறது. பயிற்சியாளர் இருக்கும் ஒரு மணி நேரத்தை, பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதத்துடன், இந்தக் கோடையில் அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியுமா? அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். எதிர்க்கருத்து இருப்பவர்களும் அவசியம் வாருங்கள், பேசி முடிவெடுப்போம்.