செஸ் வீரர் செஞ்ச பம்பும் பாட்டியோட பாலாடையும்

பதிவு எழுதி மாசக்கணக்காச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான காரணத்தைச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் புது மேனேஜர் வந்திருக்காங்க. வயசு ஐந்து மாசம். ராத்திரி ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் தவறாம மீட்டிங் வைக்கிறாங்க.

தங்கமணியோட 26 வார லீவு அடுத்த மாசம் முடியுது. அடையார்லேர்ந்து ஓஎம்ஆர் போய்த் திரும்ப, டிராஃபிக்கையும் சேர்த்தா, பத்து பதினோரு மணி நேரம் குழந்தையை விட்டு இருக்கணும். பவுடர் பால் வேண்டாம்னு முடிவு. அப்ப பாலைப் பீய்ச்சி வச்சிட்டுப் போகணும். சரி, ஒரு பம்ப் வாங்கிடலாம்னு சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் போனேன். (சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர். என் புத்தியைச் சொல்லணும்.) கடைக்காரத் தம்பி மூணு பொருளை வரிசையா எடுத்து வச்சார். ஒண்ணு, பழைய சைக்கிள் ஹாரன் மாதிரி ரப்பர் உருண்டை வச்சது. இன்னொண்ணு கைப்பிடியை அமுக்கி அமுக்கி இழுக்கறது. மூணாவது மோட்டார் வச்சது. முதலாவது சில நூறு ரூபாய், கடைசி பல ஆயிரம். "எது சார் வேணும்?"னு கேட்டார். லேப்டாப்னா ஸ்பெசிஃபிகேஷனைப் பார்த்துச் சொல்லிடுவேன். இதுக்கு என்னத்தைப் பார்க்கறது? ஒண்ணும் வாங்காம வந்துட்டேன். அப்புறம் ரெண்டு வாரம், தொட்டிலை ஆட்டிக்கிட்டே இந்த மூணும் எங்கேர்ந்து வந்ததுன்னு படிச்சேன். அதான் இந்தப் பதிவு. தங்கமணி படிச்சுத் திருத்தின பிறகுதான் வெளியே வருது, அதனால தைரியமாப் படிக்கலாம்.

பம்புக்கு அமெரிக்காவில முதல் காப்புரிமை 1854ல, நீதம்னு ஒருத்தருக்கு. அந்தக் காலத்துப் பம்ப் எல்லாம் குழந்தைக்குப் பால் சேர்த்து வைக்கறதுக்கு இல்ல. பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லு மாதிரி ஆனாலோ, காம்பு உள்ளே இழுத்துக்கிட்டாலோ பயன்படுத்தற வைத்தியச் சாமான். அதுல மோட்டாரை நுழைச்சவர் கதைதான் எனக்குப் பிடிச்சது. எட்வர்ட் லாஸ்கர். 1885ல பிறந்து, பெர்லின்ல இன்ஜினியரிங் படிச்சு, 1914ல அமெரிக்காவுக்குப் போனவர். செஸ் ஆடற நண்பர்கள் இப்ப நிமிர்ந்து உட்காருவீங்க. ஆமா, அவரேதான். 1912ல லண்டன்ல ராணியைப் பலி கொடுத்து, எதிராளியோட ராஜாவைப் பலகையோட இந்தக் கோடி வரைக்கும் இழுத்துட்டு வந்து மேட் வச்ச லாஸ்கர். 1924 நியூயார்க் போட்டியில உலக சாம்பியன்களோட ஆடினவர். (அந்தப் போட்டியை ஜெயிச்சவர் இமானுவேல் லாஸ்கர், இவருக்குத் தூரத்துச் சொந்தம்.) இவர் 1923ல விண்ணப்பம் போட்ட காப்புரிமைதான் மின்சாரத் தாய்ப்பால் பம்ப். ஆஸ்பத்திரியில குறைமாசத்துல பிறந்த, சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கிடைக்க அது வழி செஞ்சுது. இவருக்கும் நல்ல காசு. நண்பர்கள் விடுவாங்களா, 'செஸ் பிளேயர்' இல்லப்பா இவன், 'செஸ்ட் பிளேயர்'னு கூப்பிட்டு ஓட்டினாங்களாம். நூறு வருஷத்துக்கு முந்தின மொக்கை. இன்னிக்கும் தாங்குது.

லாஸ்கரோட மெஷின் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்த ஒண்ணு. உறிஞ்சற விசை அதிகமானா காயம் ஆகிடும்ங்கற பிரச்னையைக் கையில எடுத்தவர் ஸ்வீடன் இன்ஜினியர் ஐனார் எக்னெல். எவ்வளவு இழுத்தா போதும், எப்ப விடணும்னு கணக்குப் போட்டு, மாயாங்கற நர்ஸோட ஒத்துழைப்போட அவர் செஞ்சதுக்கு 'சிஸ்டர் மாயா பம்ப்'னே பேர் வந்தது. 1956ல அதைப் பத்தி எழுதினார். அதாவது, இழுக்கறது பெரிய விஷயமில்ல, விடறதுதான் விஷயம். குழந்தையும் அப்படித்தான். முதல்ல செகண்டுக்கு ரெண்டு தடவைன்னு வேகமாச் சப்பும், பால் இறங்க ஆரம்பிச்சதும் செகண்டுக்கு ஒண்ணுன்னு நிதானமாகிடும். இன்னிக்கு நல்ல மோட்டார் பம்ப்ல இருக்கற 'ரெண்டு கட்ட' பட்டன் இதோட காப்பிதான்.

1961ல ஸ்விட்சர்லாந்துல ஓலே லார்சன் மெடெலா கம்பெனியை ஆரம்பிச்சார். ஆஸ்பத்திரிப் பம்பு தோள்ல மாட்டற பையா மாறினது 1990கள்ல. 1996ல மெடெலாவோட 'பம்ப் இன் ஸ்டைல்' வந்தது. பார்த்தா ஆபீஸ் பை, உள்ளே மோட்டார். ஏன் அமெரிக்காவில அவ்வளவு ஓடுச்சுன்னா, அங்க 1993ல வந்த சட்டம் பிரசவத்துக்குக் கொடுத்தது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாத லீவு. லீவைக் கூட்டறதுக்குப் பதிலா மெஷினைக் கொடுத்த தேசம். பீய்ச்சறதுக்கு ஆபீஸ்ல இடமும் நேரமும் தரணும்னு சட்டம் வர 2010 ஆச்சு, அது விட்டுப்போன ஆட்களையும் சேர்க்க 2022 ஆச்சு.

நம்ம ஊருக்கு அந்தப் பை வந்த வழியை மயிலாப்பூர், அடையார்க்காரங்க கிட்ட கேளுங்க. சூட்கேஸ்ல வந்தது. எங்க பெரியம்மா பொண்ணு நியூஜெர்சிலேர்ந்து கொண்டு வந்த பம்ப், குடும்பத்துல மூணு பேர் கைமாறி எங்க பரண்ல உட்கார்ந்திருக்கு. எனக்கு ஒரே குஷி, காசு மிச்சம்னு. தங்கமணி ஒரே கேள்வி கேட்டாங்க: "இதோட டியூபுக்குள்ள பால் போகுமா, போகாதா?" நான் முழிச்சேன். அதுதான் ஸ்பெசிஃபிகேஷனே. பாலுக்கும் மோட்டாருக்கும் நடுவுல தடுப்பு இல்லாத ரகத்துல, பால் ஈரம் டியூப் வழியா மோட்டார் வரைக்கும் போகலாம். அங்கே போய்க் கழுவ முடியாது. ஒருத்தருக்குன்னு செஞ்ச பம்பை இன்னொருத்தர் வாங்கிப் பயன்படுத்தக் கூடாதுங்கறது அதனாலதான். ஆஸ்பத்திரிகள்ல வச்சிருக்கற, வாடகைக்கும் கிடைக்கற பெரிய மெஷின் வேற. அதுல தடுப்பு உண்டு, ஆளுக்கு ஆள் குழாயும் புனலும் புதுசு. புனல்ன்னா மார்ல வைக்கற கப். பெட்டியோட வர்றது பெரும்பாலும் 24 மில்லிமீட்டர். அது எல்லாருக்கும் பொருந்தாது. வலிக்குதுன்னு பம்பையே தூக்கிப் போடறவங்க நிறைய பேருக்குத் தப்பு சைஸ் புனல்தான் வில்லன்.

அந்த ரப்பர் உருண்டை ஹாரனுக்கு வருவோம். பீய்ச்சற பால் உருண்டைக்குள்ள போயிடும், உள்ளே கையை விட்டுக் கழுவ வழியே கிடையாது. அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கறதுக்கு அது லாயக்கில்லைன்னு 1990கள்லேயே உலக சுகாதார நிறுவனத்தோட பயிற்சிப் பாடத்துல சொல்லியாச்சு. இன்னும் விக்குது. அதே காலத்துல கர்நாடகாவில தாவணகெரேல நிர்மலா கேசரிங்கற குழந்தை மருத்துவர் செஞ்ச வேலை, எனக்கு லாஸ்கரை விடப் பெரிசாத் தெரியுது. ஊசி போடற பிளாஸ்டிக் சிரிஞ்சோட மூக்கு முனையை வெட்டி, பிஸ்டனை அந்த வெட்டின பக்கமா உள்ளே விட்டு, வழவழப்பான மறுமுனையை மார்ல வச்சு மெதுவா இழுத்தா, உள்ளிழுத்த காம்பு வெளியே வரும். 1993ல கட்டுரையா வந்தது, பல நாட்டுப் பாடப் புத்தகங்களுக்குப் போச்சு. செலவு ஒரு சிரிஞ்ச்.

(இடைச்செருகல் ஒண்ணு. பாலை வரவைக்க இவ்வளவு பாடுன்னா, நிறுத்தறதுக்கு நம்ம ஊர்ல மல்லிகைப்பூ. மார்ல கட்டுவாங்க. பாட்டி வைத்தியம்னு சிரிக்காதீங்க, வேலூர் சிஎம்சி டாக்டர்கள் அதை புரோமோகிரிப்டின் மாத்திரையோட ஒப்பிட்டுப் பார்த்து, 1988ல கட்டுரை எழுதியிருக்காங்க. பால் கட்டறது குறையறதுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு கண்டாங்க. மாட வீதிப் பூக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா விலை ஏறிடும்.)

பீய்ச்சியாச்சு. குழந்தை வாய்க்குள்ள எப்படிப் போறது? பாட்டில்னுதான் நான் நினைச்சேன். மயிலாப்பூர்ல இருக்கற எங்க பாட்டி கேட்டதுமே எழுந்து போய், ஸ்டீல் டப்பாவுக்குள்ள துணியில சுத்தி வச்சிருந்த பாலாடையை எடுத்துட்டு வந்தாங்க. வெள்ளி, கறுத்துப் போயிருந்தது. சின்ன அகல் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். சங்குன்னும் சொல்வாங்க, ஏன்னா முன்னாடி நிஜமாவே சங்குதான். எங்க அப்பா, ரெண்டு அத்தை, நான், எல்லாரும் அதுல குடிச்சவங்க.

இந்தப் பாலாடைக்கு மருத்துவ இதழ்கள்லயும் பேர் 'பாலாடை'தான். இங்கிலீஷ் எழுத்துல அப்படியே எழுதறாங்க. 1999ல இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பாட்டில், கப், பாலாடை மூணையும் பிறந்த குழந்தைகள்ல சோதிச்சுப் பார்த்தாங்க. பாலாடையிலதான் குறைஞ்ச நேரத்துல அதிகப் பால் உள்ளே போச்சு, குழந்தையும் அழாம இருந்தது. சுத்தம் பண்றதும் எளிசு. பாட்டில் நிப்பிளை மூலை முடுக்கெல்லாம் கழுவணும், பாலாடையை ஒரு தேய் தேய்ச்சுக் கொதிக்க வச்சா போதும். குழந்தைக்கும் மார்ல சப்பற பழக்கம் குழம்பாது. நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 2007ல இங்கிலாந்துல இதே பாலாடையைக் குறைமாசக் குழந்தைகள்ல பார்த்தப்ப, பாட்டிலை விட அதிகமா சிந்துச்சு, நேரமும் அதிகமாச்சு. கைப்பழக்கம்தான் வித்தியாசம்னு நான் நினைக்கறேன். முதல் நாள் நான் புகட்டினப்ப பாதி என் சட்டையில. பாட்டி ஒரு சொட்டு சிந்தலை. இப்போ சியாட்டில்காரங்க இதே யோசனையில மெத்துன்னு சிலிகான்ல 'நிஃப்டி கப்'னு ஒண்ணு செஞ்சிருக்காங்க. பாட்டில் நம்ம வீடுகள்ல நுழைஞ்சதுக்கு விளம்பரமும் ஒரு காரணம். பால் பவுடர், பாட்டில் விளம்பரத்தை நாம 1992ல சட்டம் போட்டு நிறுத்தினோம். அதுக்குள்ள பாலாடை டப்பாவுக்குள்ள போயாச்சு.

கடைசியா, எங்க பீய்ச்சறது? 1961 பிரசவச் சட்டத்துலயே, குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் பாலூட்ட தினம் ரெண்டு இடைவேளை இருந்தது. 2017ல 12 வாரம் 26 ஆச்சு, 50 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா குழந்தைக் காப்பகம் வேணும்னும் வந்தது. 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புலயும் இதெல்லாம் இருக்கு. பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டும் அறைகளைத் தமிழக அரசு திறந்தது 2015 ஆகஸ்ட்ல. தங்கமணி ஆபீஸ்ல அறை இருக்கு, ஃப்ரிட்ஜ் இருக்கு.

நான் பம்ப் பார்க்கப் போன அதே தி.நகர்ல, ஜவுளிக்கடைப் பொண்ணுங்க உட்கார ஒரு ஸ்டூல் போடணும்னே 2021ல தனியா சட்டத் திருத்தம் கொண்டு வர வேண்டியிருந்தது. பால் கட்டினா அவங்க எங்கே போவாங்க?

எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா, தங்கமணி பம்ப் மாதிரிகளை போன்ல பார்த்துக்கிட்டிருந்தப்ப எட்டிப் பார்த்துட்டு சொன்னாங்க. ரெண்டாவது பையன் பிறந்து நாப்பதாம் நாள் வேலைக்கு வந்துட்டாங்களாம். வீட்டு வேலைக்கு எந்த லீவுச் சட்டமும் இல்லையே. பதினோரு மணிக்கு ரவிக்கை நனையும். ஏதாவது ஒரு வீட்டு பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, கையாலேயே பீய்ச்சி, தண்ணி ஊத்தி விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போவாங்களாம். "அந்நேரம் அங்க புள்ளைக்குச் சக்கரத் தண்ணி குடுத்துட்டு இருப்பாங்க எங்கம்மா." அழல, சாதாரணமாத்தான் சொன்னாங்க. தங்கமணிதான் உள்ளே எழுந்து போயிட்டாங்க.

வாங்கினது இதுதான்: ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல எடுக்கற, பால் டியூபுக்குள்ள போகாத மோட்டார் பம்ப், 21 மில்லிமீட்டர் புனல். எப்பவாவது வெளியே போறவங்களுக்குக் கைப்பிடி ரகமே தாராளம். பீய்ச்சின பால் வெளியில நாலு மணி நேரம் தாங்கும்னு போட்டிருப்பாங்க, அது 25 டிகிரி ரூமுக்கு. மே மாசச் சென்னைக்கு இல்ல. ஐஸ் பை அவசியம். ஃப்ரிட்ஜ்ல நாலு நாள்.

போன வாரம் ராத்திரி கரண்ட் போய், சார்ஜும் போட மறந்து (நான்தான்), பம்ப் மௌனம். தங்கமணி கையால முயற்சி பண்ணி ரெண்டு ஸ்பூன் கூட வரலை, வலிதான் மிச்சம். காலைல அக்கா வந்ததும் கையைக் கழுவிட்டு, எங்கே விரலை வைக்கணும், முதல்ல நெஞ்சுப் பக்கமா அழுத்தி அப்புறம் எப்படிச் சேர்க்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. பத்து நிமிஷத்துல அரை டம்ளர். பாலாடையில ஊத்திப் புகட்டினதும் அக்காதான். என் சட்டை தப்பிச்சது.