பி.எச்.சி.யின் கடைமடை

காவிரித் தண்ணீருக்குக் காரைக்கால் மாவட்டத்துக் கோட்டுச்சேரி கடைமடை. மேட்டூரில் ஜூன் 12 அன்று சரியாகக் கதவு திறந்தாலும், இங்கே வாய்க்காலில் ஈரம் தெரிவதற்குள் நாற்றங்கால் போட்டவருக்குப் பொறுமை போய்விடும். 2007இல் காவிரி நடுவர் மன்றம் காரைக்காலுக்கென்று எழுதிவைத்தது ஆண்டுக்கு 7 டி.எம்.சி. அதுவும் மேலே எல்லாரும் பாய்ச்சியபின் வருவது. மேலத்தஞ்சை வயல்களில் போட்டதும் தெளித்ததும் வடிந்து, அரசலாறு, நாட்டாறு, நண்டலாறு என்று பிரிந்து, நம் வாசல் வழியாகத்தான் கடலில் சேர வேண்டும். அதனால் பூச்சிமருந்து என்று யாராவது பேச்செடுத்தால் கடைமடைக்காரன் கண் முதலில் வாய்க்காலுக்குத்தான் போகும். என் கண்ணும் அங்கேதான் இருந்தது, பி.எச்.சி. என்ற பூச்சிமருந்தின் கதையைப் படிக்கும்வரை.

ஐம்பது வயதைத் தாண்டிய டெல்டா விவசாயி யாரிடமாவது 'பி.எச்.சி. பத்து சதம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் மூக்கைச் சுளிப்பார். பூஞ்சணம் பிடித்த மாதிரி ஒரு வாடை அதற்கு. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நாவாய்ப்பூச்சி இறங்கினால் இந்தப் பவுடர்தான் கைகண்ட மருந்து. ஏக்கருக்கு 10 கிலோ. விடியற்காலையில், தாளில் பனி உலர்வதற்கு முன்பே போய்விட வேண்டும். டஸ்டர் இல்லாதவர்கள் பவுடரைத் துணியில் மூட்டையாகக் கட்டி உதறிக்கொண்டே நடப்பார்கள். பனி ஈரத்தில் பவுடர் பயிரோடு ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. மிச்சம் இருந்ததை வீட்டோரம் எறும்புக்குத் தூவுவார்கள். அப்போது அதன் பெயர் கமாக்சின்.

அது பிறந்ததே வெயிலில். 1825இல் மைக்கேல் ஃபாரடே, தான் அப்போதுதான் கண்டுபிடித்திருந்த பென்சீனைக் குளோரினோடு சேர்த்துச் சூரிய ஒளியில் வைத்தார். உண்டான பொருள் பூச்சியைக் கொல்லும் என்று அவருக்குத் தெரியாது. அது தெரிய நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1940களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1952இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ரிஷ்ராவில் ஒரு பி.எச்.சி. தொழிற்சாலை வந்தது. இந்தியாவின் பூச்சிமருந்துத் தொழில் அங்கே தொடங்கியதாகத்தான் பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அந்த ஆண்டு கோட்டுச்சேரியில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. அது இறங்கியது 1954 நவம்பரில்.

மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. காஸ்டிக் சோடா தயாரிக்கும்போது கூடவே குளோரின் வந்துவிடும். அதை எங்காவது தள்ளியாக வேண்டும். பென்சீனோடு சேர்த்தால் சரக்கு தயார். ஆனால் அந்தச் சரக்கு ஒரே பொருளாக வருவதில்லை. ஆறு கார்பன் கொண்ட வளையத்தில் ஆறு குளோரின். எது மேலே நிற்கிறது, எது கீழே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று ஒரு வயிற்றுப் பிள்ளைகள் பலர். பூச்சியைக் கொல்பவர் காமா ஒருவர்தான், நூற்றில் பத்திலிருந்து பதினைந்து பங்கு. அறுபது எழுபது பங்கு ஆல்பா. காமாவை மட்டும் பிரித்தெடுத்தால் அதற்கு லிண்டேன் என்று பெயர், விலையும் கூட. நாம் பிரிக்காமலே தூவினோம். 10 கிலோ மூட்டையில் மருந்து ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவில் வேலை செய்தது 100, 150 கிராம். மீதியெல்லாம் வெட்டிச் சுமை என்றுதான் சொல்வேன், அதையும் காசு கொடுத்தே வாங்கினோம்.

அந்த ஒரு கிலோ எங்கே போனது? வாய்க்காலில் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். கோட்டுச்சேரிக்கு வடக்கே, வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது. 1980களின் இறுதியில் அங்கிருந்த சுப்பிரமணியன், ரமேஷ் ஆகியோரோடு ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து தனபே, தத்சுகாவா முதலியோர் சேர்ந்து பி.எச்.சி.யைப் பின்தொடர்ந்தார்கள். ஜப்பான் 1971இலேயே தன் வயல்களில் இதை நிறுத்தியிருந்தது. வைக்கோல் வழியாகப் பசும்பாலில் ஏறியதுதான் அங்கே பெரிய பிரச்சினை. இங்கே வெள்ளாற்றுத் தண்ணீரையும் வண்டலையும் சோதித்தவர்களுக்கு ஆச்சரியம். மூட்டை மூட்டையாகத் தூவிய ஊரில் இருக்க வேண்டிய அளவு ஆற்றில் இல்லை. காற்றைப் பிடித்துச் சோதித்தபோது விடை கிடைத்தது. நெல் பூக்கும் பருவத்தில் காற்றில் பி.எச்.சி. ஏறியிருந்தது. வயலிலேயே போட்டுப் பார்த்தும், ஆற்றுப்படுகை முழுவதற்கும் கணக்குப் போட்டும், 1991இல் வெளியிட்டார்கள்: போட்டதில் 99.6 சதவீதம் காற்றில் போய்விடுகிறது. நம் ஏக்கருக்கு அந்தக் கணக்கைப் பொருத்தினால், ஒரு கிலோவில் 996 கிராம் வானத்துக்கு, மிச்சம் 4 கிராம்தான்.

காரணம் நம் வெயில். தேங்கி நிற்கும் தண்ணீர், அதன்மேல் சூடு, அதன்மேல் கடற்காற்று. குளிர் நாட்டில் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பொருள் இங்கே ஆவியாகிவிடுகிறது. கோட்டுச்சேரிமேட்டு மீனவருக்கு ஒரு வகையில் அது நிம்மதி. ஆற்று முகத்தில் இறங்கியது கொஞ்சம்தான். ஆனால் ஆவியானது அழியவில்லை. சூடான இடத்தில் எழும்பி, குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி எழும்பி, வெட்டுக்கிளி மாதிரித் தத்தித் தத்தி வடதுருவம் வரை போனது. நெல்லையே பார்த்திராத ஆர்க்டிக் கடலில் 1980களில் மற்ற குளோரின் பூச்சிமருந்துகளைவிட அதிகமாகக் கிடைத்தது ஆல்பாதான். அதில் சீனாவின் பங்கும் உண்டு, ரஷ்யாவின் பங்கும் உண்டு. எந்தத் துளி எந்த வயலுடையது என்று பெயர் எழுதியிருக்காது. தண்ணீருக்குக் கடைமடையான நாம் காற்றுக்குத் தலைமடை. மேலத்தஞ்சைக்காரரைப் பார்த்து நாம் சொல்லும் புகாரை எஸ்கிமோக்கள் நம்மைப் பார்த்துச் சொல்லலாம்.

பீட்டா மட்டும் அண்ணன் வழியில் போகவில்லை. அதற்கு ஆவியாவதைவிடத் தண்ணீரும் கொழுப்பும் பிடிக்கும். வடபசிபிக்கில் மழையோடு இறங்கி, பெரிங் நீரிணை வழியாக நீரோட்டத்தில் மெதுவாக, ஆல்பாவுக்குப் பின்னால் ஆர்க்டிக் போய்ச் சேர்ந்தது. ஊரில் தங்கிய பீட்டா, தாளில் இருந்து வைக்கோலுக்கும், வைக்கோலில் இருந்து மாட்டுக்கும், பாலுக்கும் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 12 மாநிலங்களின் பால் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் பி.எச்.சி. வகைகள் இருந்தன.

1997 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எச்.சி.க்குத் தடை. லிண்டேன் பயன்பாடு 2013இல் நின்றது. ஆல்பா, பீட்டா, லிண்டேன் மூன்றையும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இல் தன் பட்டியலில் சேர்த்தது.

காற்றில் பி.எச்.சி. குறைந்ததும் கடலுக்கு வரவைவிட இருப்பு அதிகமாகிவிட்டது. 1990களில் பெரிங், சுக்சி கடல்களில் அளந்தவர்கள், ஆல்பா அங்கே தண்ணீரை விட்டு மறுபடி காற்றில் ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள்.