தேறல்

தேறல் என்பது நொதித்த கள்ளை அடிமண்டி படியும் வரை வைத்திருந்து, மேலே நிற்கும் தெளிந்த பகுதியை மட்டும் இறுத்துப் பருகும் பழந்தமிழர் மதுவகை ஆகும். சங்க இலக்கியத்தில் இது பல இடங்களில் குறிப்பிடப்படுகின்றது. மூங்கில் குழாயில் இட்டும் மண்ணில் புதைத்தும் நாட்பட வைத்த தேறல் சிறப்பாகப் போற்றப்பட்டது. ஐரோப்பாவில் மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர வைக்கப்படும் புளிப்பு பியர் வகைகளுடன் ஒப்பிடத்தக்க தமிழ் மரபு இதுவாகும். தேறல் நொதித்தலால் மட்டுமே உருவாவது. காய்ச்சி வடிக்கப்படும் சாராயம் வேறு, தேறல் வேறு.

பெயர்க்காரணம்

'தேறு' என்னும் வினையடிக்குத் தெளிதல் என்பது பொருள். மனம் தெளிவதைத் தேறுதல் என்பதும், கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் கொட்டையைத் தேற்றாங்கொட்டை என்பதும் இதே அடியிலிருந்து வந்தவை. எனவே தேறல் என்ற பெயர் மூலப்பொருளைக் குறிப்பதன்று, பக்குவத்தைக் குறிப்பது. பனங்கள்ளிலிருந்தும், தேனிலிருந்தும், அரிசியிலிருந்தும் தேறல் பெறலாம். தேன், சாறு, தெளிவு ஆகிய பொருள்களிலும் இச்சொல் வழங்குவதால், அது வரும் இடமெல்லாம் மதுவையே குறிப்பதாகக் கொள்ளலாகாது.

தொடர்புடைய சொற்கள்

சங்கப் பாடல்களில் மதுவைக் குறிக்கும் சொற்கள் பல உள்ளன. அவற்றுள் சில செய்முறையையும், சில சுவையையும், சில விளைவையும் கொண்டு அமைந்தவை.

- அரியல்: அரித்து (வடிகட்டி) எடுக்கப்பட்டது.
- பிழி: பிழிந்து எடுக்கப்பட்டது.
- நறவு, நறா: நறுமணம் உடையது.
- மகிழ்: பருகியவரை மகிழ்விப்பது.
- தோப்பி: வீட்டில் சமைக்கப்படும் கள். பெரும்பாணாற்றுப்படை இதனை இல்லத்தில் அடப்படும் கள்ளாகவே காட்டுகின்றது.
- மட்டு, மது, வேரி: கள்ளின் பொதுப்பெயர்களாகவும் வகைப்பெயர்களாகவும் வழங்குபவை.

இவை அனைத்தும் ஒரே பொருளின் மாற்றுப் பெயர்கள் அல்ல. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மக்கள் மட்டை விடுத்து மதுவைப் பருகியதாக வருகின்றது. ஒன்றை நீக்கி மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தமைக்கு இது சான்றாகும்.

மூலப்பொருள்களும் செய்முறையும்

நெய்தல் நிலத்தில் பனங்கள் முதன்மையானது. பட்டினப்பாலையில் பரதவர் பனங்கள்ளை மாந்துகின்றனர். குறிஞ்சி நிலத்தில் தேனே அடிப்படை. அகநானூறு 348 ஆம் பாடல் மாம்பழம், பலாச்சுளை, தேன் ஆகியவற்றைக் கொண்டு செய்து, மூங்கிலில் முதிர வைத்த தோப்பியைக் கூறுகின்றது.

அரிசிக் கள்ளின் செய்முறையைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாக விவரிக்கின்றது. இந்நூல் தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. இன்றைய சென்னையும் காஞ்சிபுரமும் அடங்கிய தொண்டை நாடே இதன் களம். அங்கு வலைஞர் குடியிருப்பில் கள் பின்வருமாறு சமைக்கப்படுகின்றது.

1. குற்றாத அரிசியைக் களி போலத் துழாவிக் கூழாக்குதல்.
2. அகன்ற வாயுடைய தட்டில் ஊற்றி ஆற வைத்தல்.
3. புற்றாஞ்சோறு போன்ற தோற்றமுடைய 'நல்லடை'யைக் கலத்தல்.
4. வலிய வாயுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துப் பச்சை வாடை நீங்க முதிர வைத்தல்.
5. விரலால் அலைத்துப் பிழிந்து எடுத்தல்.

நல்லடை என்பதை முளைகட்டிய நெல்லை இடித்துச் செய்ததாக உரைமரபு கொள்கின்றது. அரிசியிலுள்ள மாவுப்பொருளை மதுவம் (ஈஸ்ட்) நேரடியாக உண்ண இயலாது. தானியம் முளைவிடும்போது தோன்றும் அமைலேசு என்னும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றது. பியர் செய்ய முளைவிட்ட வாற்கோதுமையைப் பயன்படுத்துவதும் இதே காரணத்தால்தான். ஆகவே பெரும்பாணாற்றுப்படை கூறுவது, அறிவியல் நோக்கில், ஓர் அரிசி பியர் ஆகும்.

முதிர வைத்தல்

தேறலை முதிர வைக்க இரண்டு முறைகள் பாடல்களில் காணப்படுகின்றன.

மூங்கில்: திருமுருகாற்றுப்படையில் மலைவாழ் மக்கள் நெடிய மூங்கிலில் முதிர்ந்த தேன்கள் தேறலைச் சுற்றத்தாருடன் பருகிக் குரவை ஆடுகின்றனர். மலைபடுகடாம், கூத்தருக்கு மூங்கில் குழாயில் விளைந்த தேறல் வழங்கப்படும் என்கின்றது. ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூறு 129 இலும் மூங்கிலில் பழுத்த தேறல் வருகின்றது.

மண்ணில் புதைத்தல்: பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடிய புறநானூறு 120, நிலத்தில் புதைத்து முதிர்ந்த மட்டின் தேறலைப் புல் வேய்ந்த குடில்தோறும் வழங்கியதைக் கூறுகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழும். மரத்திலிருந்து இறக்கிய கள் ஒரே நாளில் கடுமையாகப் புளித்து, பின்னர் காடியாக மாறிவிடும் என்பது அனைவரும் அறிந்தது. அவ்வாறிருக்க, நாட்பட்ட கள் எவ்வாறு போற்றத்தக்கதாக இருந்தது? நொதித்தலின் வேதியியல் இதற்கு விளக்கம் தருகின்றது.

பாளையிலிருந்து வடியும் சாறு ஏறத்தாழ நடுநிலையான காரகாடித் தன்மை (பி.எச். 7 அளவில்) உடையது. கலயத்திலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் உடனே அதில் வளரத் தொடங்குகின்றன. மதுவமும் சைமோமோனாசு என்ற பாக்டீரியாவும் சர்க்கரையை எத்தனாலாக மாற்றும். இலாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் தயிரில் உள்ளதைப் போன்ற மென்மையான புளிப்பைத் தரும். ஒரு நாளைக்குள் எத்தனால் அளவு 4 முதல் 6 விழுக்காட்டை எட்டுவதுண்டு, பி.எச். அளவு 4 அருகே இறங்கிவிடும். அதன் பின் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் எத்தனாலை அசிட்டிக் அமிலமாக, அதாவது காடியாக, மாற்றுகின்றன. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இந்நுண்ணுயிர்களின் வளர்ச்சி தடைப்பட்டு, சாறு இனிப்பான பதநீராகவே நிற்கும்.

இவற்றுள் அசிட்டிக் அமிலப் பாக்டீரியாக்களுக்கு மட்டும் காற்று கட்டாயம் தேவை. வாய் அடைத்த மூங்கில் கணுவும், மூடிப் புதைத்த சாடியும் காற்றைத் தடுப்பவை. மேலும், மண்ணுக்கு அடியில் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. எனவே இலாக்டிக் புளிப்பு நிலைக்க, காடியாவது தடைப்படும். தேன் சேர்ந்த கள்ளில் சர்க்கரை மிகுதி. நொதித்தல் மெதுவாக நீண்ட காலம் நடந்து, கூடுதல் எத்தனால் உண்டாகும். அதுவும் கெடாமல் காக்கும். மூங்கிலில் முதிர்ந்ததாகப் பாடல்கள் கூறும் மது பெரும்பாலும் தேன் சேர்ந்ததாகவே இருப்பது இங்கு கருதத்தக்கது. திறந்த கலயத்துக் கள்ளைக் கொண்டு அடைத்த கலத்துத் தேறலை மதிப்பிடுவது பொருந்தாது.

சுவையும் மதிப்பீடும்

பாடல்களில் தேறல் பாராட்டப்படும் முறையிலிருந்து, பழந்தமிழர் மதுவை எவ்வகைப் பண்புகளால் மதிப்பிட்டனர் என அறியலாம்.

தெளிவு: பெயரிலேயே உள்ள பண்பு. மண்டியில் இறந்த மதுவமும் நாரும் துகளும் தங்கும். அவை கலந்தால் கசப்பும் மாவுத்தன்மையும் மேலோங்கும். கள்ளை நாரினால் அரித்து எடுக்கும் வழக்கமும் பாடல்களில் உண்டு.

மணம்: நறவு என்ற சொல்லும், தேறலுக்கு வரும் 'தண்கமழ்' போன்ற அடைகளும் மணத்தை முன்னிறுத்துகின்றன.

முதிர்ச்சி: நாட்படுதல் குறையாக அன்றி நிறைவாகக் கூறப்படுகின்றது. அதற்கான சொல் 'பழுநுதல்' என்பது. பழம் கனிவதைப் போலவே மது முதிர்வதையும் கண்டனர்.

கடுப்பு: பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூறு 392, நாட்பட்ட தேறலுக்குத் தேள் கொட்டும் கடுப்பை உவமை கூறுகின்றது. சிறுபாணாற்றுப்படையும் அகநானூறு 348 உம் பாம்பை உவமையாக்குகின்றன. இவ்வுவமைகளை நாவில் உறைக்கும் சுருக்கு என்றும், களிப்பு ஏறும் விரைவு என்றும் இருவகையாகக் கொள்ளலாம்.

புளிப்பு: மதுவோடு புளிப்பை விரும்பும் வழக்கத்தைப் புறநானூறு 177 காட்டுகின்றது. கள் பருகிச் சிவந்த கண்களையுடைய ஆடவர் புளிச்சுவையை வேட்டு, களாப் பழத்தையும் துடரிப் பழத்தையும் உண்கின்றனர்.

தொடுகறியும் கலமும்: பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள்ளுடன் சுட்ட மீன் தரப்படுகின்றது. புறநானூறு 392 இல் தேறல் வார்க்கப்படும் பொற்கலம் கோளைப் போல் ஒளிர்கின்றது.

யவனர் தேறல்

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூறு 56, யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுடைய தேறலைக் குறிப்பிடுகின்றது. இது நடுநிலக்கடல் நாடுகளின் திராட்சை மது எனக் கருதப்படுகின்றது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945 இல் நடத்திய அகழாய்வில், அந்நாடுகளில் மது முதலியவற்றை ஏற்றி அனுப்பப் பயன்பட்ட ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அயல்நாட்டு மதுவுக்கும் தேறல் என்ற உள்நாட்டுச் சொல்லையே புலவர் ஆண்டுள்ளார்.

புளிப்பு பியர் வகைகளுடன் ஒப்பீடு

பெல்சியத்தில் புருசெல்சு நகரை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பயோட்டன்லாந்துப் பகுதியிலும் செய்யப்படும் இலாம்பிக் என்னும் பியர், மதுவம் சேர்க்காமல் நொதிக்க விடப்படுவது. முளைவிட்ட வாற்கோதுமையும் முளைவிடாத கோதுமையும் சேர்ந்த கொதிசாற்றைக் குளிர்மாதங்களில் ஓர் இரவு அகன்ற திறந்த தொட்டியில் ஆற விடுவர். காற்றிலும் மரத்திலும் வாழும் நுண்ணுயிர்களே அதனை நொதிக்கச் செய்கின்றன. பின்னர் அது கருவாலி மரப்பீப்பாய்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை முதிரும். இளையதையும் முதியதையும் கலந்து புட்டியில் அடைப்பது கூசு எனவும், புளிப்புச் செர்ரிப் பழம் இட்டு ஊற வைப்பது கிரீக் எனவும் பெயர் பெறும்.

தேறலுக்கும் இதற்கும் ஒற்றுமைகள் உள்ளன. இரண்டிலும் நுண்ணுயிர்கள் இயற்கையாக வந்து சேர்பவை. இரண்டிலும் இலாக்டிக் புளிப்பும் முதிர்ச்சியும் சிறப்பாகக் கருதப்படுகின்றன. இரண்டிலும் பழம் சேர்க்கும் வழக்கம் உண்டு. வேறுபாடு கலத்தில் உள்ளது. கருவாலி மரம் மிகச் சிறிதளவு காற்றை உள்ளே விடும். அதனால் பிரெட்டனோமைசீசு என்ற மதுவம் மெதுவாக வளர்ந்து தோல், வைக்கோல் போன்ற மணங்களைத் தரும்; மரத்தின் துவர்ப்பும் இறங்கும். இலாம்பிக்கைச் சுவைப்போர் புளிப்பு, துவர்ப்பு, மணம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து நோக்குவர். காடி நெடி மேலோங்கினால் அதனைக் குறையாகக் கொள்வர்.

தமிழர் வாழும் நிலப்பரப்பில் மரக்கலத்தில் முதிர வைக்கும் மரபு இலங்கையில் தொடர்கின்றது. ஆயினும் அங்கு முதிர வைக்கப்படுவது கள் அன்று. தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் ஆகும். இதற்கு அல்மில்லை எனப்படும் திருகோணமலை மரத்தால் செய்த பீப்பாய்கள் பயன்படுகின்றன.

பகிர்வும் படையலும்

தேறல் தனித்துப் பருகும் பொருளாக அன்றி, பகிர்ந்து உண்ணும் பொருளாகவே பெரிதும் காட்டப்படுகின்றது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூறு 235, சிறிதளவு கள் கிடைத்தால் அதனைப் புலவருக்கே தந்துவிட்ட அவனது கொடையை நினைவுகூர்கின்றது. புறநானூறு 232 இல் அவனது நடுகல்லுக்கு நாரால் அரித்த கள் சிறு கலத்தில் படைக்கப்படுகின்றது.

எதிர்க்கருத்துகள்

சங்கப் பாடல்களிலேயே மதுவின் கேடு மறைக்கப்படவில்லை. அகநானூறு 348 இல் தோப்பியைப் பருகிய குறவர் தினைப்புனத்தைக் காக்க மறந்துவிட, யானை அதனை மேய்ந்துவிடுகின்றது. திருக்குறளின் 93 ஆவது அதிகாரமான கள்ளுண்ணாமை, பத்துக் குறள்களிலும் கள்ளைக் கடிகின்றது. பௌத்த, சமண அறங்களும் கள்ளுண்ணலை விலக்கின.

இன்றைய நிலை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937 இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948 இல் மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1971 இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர் பல மாற்றங்களுக்குப் பிறகு, 1987 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கவும் விற்கவும் தடை உள்ளது. வடிப்பாலைகளில் செய்யப்படும் மதுவகைகள் அரசுக் கடைகளில் விற்கப்படும் நிலையில், கள்ளுக்கு மட்டும் தடை இருப்பதை எதிர்த்து உழவர் அமைப்புகள் குரல் கொடுத்து வருகின்றன. மறுதரப்பினர் கலப்படத்தையும் உடல்நலக் கேட்டையும் சுட்டுகின்றனர். கேரளம், புதுச்சேரி, இலங்கை ஆகிய இடங்களில் உரிமம் பெற்றுக் கள் விற்கப்படுகின்றது. அங்கும் அது பெரும்பாலும் அன்றன்றே பருகப்படுகின்றது.

இதனால் தேறலின் சொற்கள் இலக்கியத்தில் நிற்க, அச்சொற்கள் குறித்த சுவைகள் வழக்கிழந்தன. அரியல், தோப்பி, நறவு ஆகிய மூன்றும் இன்றைய உரைகள் பலவற்றில் 'கள்' என்ற ஒரே சொல்லால் விளக்கப்படுகின்றன. பழம்பாடல்களைப் படிப்போர் இவ்வேறுபாடுகளைக் கருத்தில் கொள்வது பொருள் தெளிவுக்கு உதவும்.

இவற்றையும் பார்க்க

- கள்
- பதநீர்
- பனை
- நொதித்தல்
- பெரும்பாணாற்றுப்படை
- பியர்