சிறிய பழைய லேத்களில் காலட் பொருத்துதல்: ஒரு வரலாறு

காலட் என்பது கடைசல் எந்திரத்தில், அதாவது நம் பட்டறை வழக்கில் லேத்தில், உருளை வடிவப் பொருளைச் சுற்றிலும் சீராகப் பிடிக்கும் பிளவுபட்ட உலோகக் குழல் ஆகும். மூன்று தாடை சக் பொருளை மூன்று இடங்களில் மட்டும் பிடிக்கும். காலட் ஏறக்குறைய முழுச் சுற்றையும் பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பென் பென்சிலின் முனையைக் கழற்றிப் பார்த்தால் இதன் குட்டி வடிவத்தைக் காணலாம். மூன்றாகப் பிளந்த சிறு வாய் ஒன்று இருக்கும். அதன்மேல் வளையம் ஏறும்போது வாய் இறுகிக் கரிக்குச்சியைப் பிடிக்கும்; பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் விட்டுவிடும். லேத் காலட்டின் தத்துவமும் இதுவே. குழலின் வெளிப்புறம் கூம்பாக இருப்பதால், அதற்கேற்ற கூம்புப் பள்ளத்துக்குள் இழுக்கும்போதோ தள்ளும்போதோ வாய் சுருங்குகிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பட்டறைகளில் ஓடும் பழைய லேத்களில் பல, காலட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றில் காலட்டைப் பொருத்த இடையில் ஓர் அடாப்டர் தேவை. கையகலமுள்ள அந்த இரும்புத் துண்டுக்குள் ஆங்கிலேய அங்குலம், அமெரிக்கக் கைக்கடிகாரம், சுவிஸ் கண்டுபிடிப்பு, 1956ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன.

லேத்கள் வந்த வழி

கடைசல் நமக்குப் புதிய தொழில் அன்று. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளை அறியாதவர் குறைவு. ஆனால் உலோகம் கடைந்து மரை வெட்டும் லேத் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹென்றி மாட்ஸ்லி 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் மரை வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841இல் மரைகளுக்கு 55 பாகைக் கோணத்தில் ஒரே அளவுமுறையை முன்வைத்தார். அந்த அளவுமுறையோடுதான் ரயில்வே பணிமனைகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் லேத்கள் வந்தன. திருச்சி பொன்மலைப் பணிமனை 1928இல் அமைந்தது. கோவையில் ஸ்டேன்ஸ் ஆலை 1888லேயே தொடங்கியிருந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் அங்கே பம்பு, மோட்டார் செய்யும் பட்டறைகள் பெருகின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் 1937இல் மின்மோட்டார் செய்தது பலரும் அறிந்த செய்தி. பி.எஸ்.ஜி. தொழிற்கூடம் லேத்களையே செய்து விற்றது.

அதன்பின் ஹரிஹரில் 1941இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் லேத்களும், 1953இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனம் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கன் துணையுடன் செய்த லேத்களும் வந்தன. 1955இல் அமைந்த தேசியச் சிறுதொழில் கழகம் தவணை முறையில் எந்திரங்களைக் கொடுத்தது. சொந்த முதல் இல்லாத தொழிலாளி ஒருவர் பட்டறை வைக்க முடிந்ததற்கு இந்தத் தவணைத் திட்டம் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. தொழில் வரலாறு எழுதுவோர் ஆலைகளைப் பற்றி எழுதும் அளவுக்கு இதைப் பற்றி எழுதுவதில்லை.

அங்குலமும் மில்லிமீட்டரும்

இந்திய எடை, அளவைத் தரச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. சந்தையில் படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. லேத்துக்குள் இருந்த அங்குலத்தை எந்தச் சட்டமும் மாற்ற முடியவில்லை. நீளத் திருகு அங்குலத்துக்கு இத்தனை மரை என்று வெட்டப்பட்டது. சக்கைத் திருகி ஏற்றும் ஸ்பிண்டில் மூக்கும் அப்படியே. எடுத்துக்காட்டாக, நாட்டிங்ஹாம் அருகே செய்யப்பட்ட புகழ்பெற்ற மைஃபோர்டு எம்.எல்.7 என்னும் சிறு லேத்தின் மூக்கு ஒன்றேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு, அதாவது 1⅛ அங்குலம். அங்குலத்துக்கு 12 மரை.

அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்டக் கண்ட வழி அழகானது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், இதை ஐந்தால் பெருக்கினால் 127. ஆகவே 127 பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தைப் பல்சக்கர வரிசையில் சேர்த்துவிட்டால் எந்திரம் பிசகில்லாமல் மெட்ரிக் மரை வெட்டும். 127 பகா எண் என்பதால் இதற்குச் சிறிய மாற்றுச் சக்கரம் கிடையாது. எண்களின் காரணிகளை ஏன் படிக்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம்.

காலட்டின் வரவு

காலட் பிறந்த இடம் கடிகாரத் தொழில். 1850களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சார்லஸ் மோஸ்லி, உள்ளீடற்ற ஸ்பிண்டில் வழியாகக் காலட்டைப் பின்னிருந்து இழுத்து இறுக்கும் முறையை உருவாக்கினார். நம் ஊர்க் கடிகாரக்காரர்களின் மேசைமேல் இருந்த குட்டி லேத்தின் 8 மில்லிமீட்டர் காலட்கள் இந்த வழிவந்தவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்டிஞ்ச் நிறுவனத்தின் 5சி காலட் பெரிய எந்திரங்களுக்கு வந்தது. ஆனால் அது தன் குறித்த அளவை மட்டுமே நன்றாகப் பிடிக்கும். அளவுக்கு ஒன்று வாங்கினால் ஏழைப் பட்டறை தாங்காது.

நிலைமையை மாற்றியது இ.ஆர். காலட். சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1972இல் முந்தைய இ வகைக் காலட்டை மேம்படுத்தி இதை உருவாக்கியது; இரண்டாம் எழுத்து அந்நிறுவனத்தின் முதலெழுத்து. இரு முனைகளிலிருந்தும் மாறி மாறிப் பிளவுகள் வெட்டப்பட்டிருப்பதால் ஒரு காலட் ஒரு மில்லிமீட்டர் வரை சுருங்கும். இ.ஆர். 32 அளவில் 18 காலட்கள் இருந்தால் 2 முதல் 20 மில்லிமீட்டர் வரை எந்தக் கம்பியையும் பிடிக்கலாம்.

பழைய லேத்தில் பொருத்தும் இரு வழிகள்

எளிய வழி, ஸ்பிண்டிலுக்குள் உள்ள மோர்ஸ் கூம்பைப் பயன்படுத்துவது. இந்தக் கூம்பு 1860களில் ஸ்டீபன் மோர்ஸ் ஏற்படுத்தியது. தந்தி மோர்ஸ் வேறு ஆள். 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விட்டம் குறையும் மெல்லிய சரிவு என்பதால் உள்ளே தட்டினாலே பிடித்துக்கொள்ளும். இரண்டாம் எண் கூம்பின் பெரிய முனை விட்டம் 17.78 மில்லிமீட்டர், மூன்றாம் எண்ணுக்கு 23.825. பின்பக்கம் இந்தக் கூம்பும் முன்பக்கம் இ.ஆர். வாயும் கொண்ட அடாப்டர் கடையில் கிடைக்கிறது. ஆனால் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிரா பார் கட்டாயம் வேண்டும். கூம்பு தானாகப் பிடிக்கிறதே என்று அதைப் போடாமல் ஓட்டினால், பக்கவாட்டு அதிர்வில் அடாப்டர் தளர்ந்து வேலையோடு வெளியே வந்துவிடும். இன்னொரு குறை, ஸ்பிண்டில் துளை அடைபட்டுவிடுவது. நீளக் கம்பியைப் பின்னாலிருந்து கொடுத்து வேலை செய்ய முடியாது.

இரண்டாவது வழி கடினமானது, நிலையானதும் அதுவே. ஸ்பிண்டில் மூக்கில் திருகும் வார்ப்பிரும்புப் பின்தட்டு ஒன்றைச் செய்து, அதன்மேல் இ.ஆர். சக்கைப் போல்ட்டால் இணைப்பது. தட்டைச் சக்கில் பிடித்து உள்மரை வெட்டும்போது அது மூக்கில் ஏறுமா என்று சோதிக்க முடியாது. மூக்கில் சக் உட்கார்ந்திருக்கிறது. எனவே முதலில் எஃகில் மூக்கின் நகல் ஒன்றைக் கடைந்து, பழைய சக்கின் மரை அதில் பொருந்துகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த நகலே பிறகு அளவுகோல். மரை மட்டும் போதாது: மூக்கின் மரையற்ற பகுதியும் தோளும் தட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். மரை திருகி ஏற்றவே. மையத்தை நிலைநிறுத்துவது அவை இரண்டும்தான்.

தட்டை மூக்கில் ஏற்றியபின் அதன் முகத்தையும், சக் உட்காரும் படியையும் அதே லேத்தில் கடைய வேண்டும். எந்திரத்தின் சொந்த அச்சிலேயே கடையப்படுவதால் தட்டு அந்த அச்சோடு ஒத்துப்போகிறது. இப்படிச் செய்த தட்டை அடுத்த பட்டறைக்கு இரவல் கொடுப்பதில் பயனில்லை. அனுபவசாலிகள் படியை 0.1 மில்லிமீட்டர் தளர்வாக விட்டு, டயல் கேஜைச் சக்கின் உட்கூம்பில் வைத்து, மெதுவாகத் தட்டி நேராக்கியபின் போல்ட்டுகளை முடுக்குவார்கள். தேய்ந்த மூன்று தாடைச் சக்கில் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் சாதாரணம். கவனமாகப் பொருத்திய காலட்டில் அது 0.02ஐ ஒட்டி வந்துவிடும். வேலையைக் கழற்றித் திரும்ப மாட்டினாலும் மையம் பெரிதும் விலகாது.

பிழைகள் பெரும்பாலும் கையாளுவதில்தான். இ.ஆர். காலட்டை முதலில் நட்டின் உள்வளையத்தில் சாய்த்துச் சொடுக்கி மாட்ட வேண்டும், பிறகே சக்கில். மாறிச் செய்தால் கழற்றும்போது காலட் உள்ளேயே சிக்கும். குட்டையான வேலையை முன்வாயில் மட்டும் பிடித்தால் காலட் சாய்ந்துவிடும்; அதே விட்டத்தில் ஒரு துண்டைப் பின்பக்கம் வைக்க வேண்டும். மரை மூக்குள்ள லேத்தைப் பின்னோக்கிச் சுழற்றி வெட்டினால் சக் தானே கழன்று விழக்கூடும்.

வேப்பூரும் விருத்தாசலமும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விருத்தாசலம்–சேலம் சாலை குறுக்கிடும் இடம் வேப்பூர். வெளியூரார் ஆட்டுச் சந்தையால் அறிவார்கள். இத்தகைய கூட்டுரோடுகளில் லேத் பட்டறையின் வரும்படி லாரி, டிராக்டர், பம்பு ஆகிய மூன்றைச் சார்ந்தது. தண்டு, புஷ், பின் என எல்லாம் ஒற்றை வேலை. காலட் இல்லாமலும் ஓட்டிவிடலாம். கிழக்கே விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் வேறு வகை வேலையைக் கேட்கிறது. அங்கே பொம்மைகளோடு பீங்கான் ஃபியூஸ்களும் செய்யப்படுகின்றன. ஃபியூஸின் பீங்கான் உடலை அழுத்தி வார்க்கும் எஃகு அச்சில் தண்டும் துளையும் ஒரே மையத்தில் அமையாவிட்டால் சுவர் ஒருபக்கம் மெலிந்து, சூளையில் வெடிக்கும். ஃபியூஸுக்குள் போகும் பித்தளைத் திருகுகளும் சிறு உருளைகளும் நூற்றுக்கணக்கில், ஒன்றுபோல் வேண்டும். காலட் தன் விலையை மீட்பது இத்தகைய வேலையில்தான்.

ஆட்டம் கண்ட சக் காரணமாகவே பழைய லேத் ஒன்று எடைக்கு எடை காயலான் கடைக்குப் போவதுண்டு. போவதற்கு முன் ஸ்பிண்டிலை வெறுமையாக்கி, டயல் கேஜை மூக்கின் மரையற்ற பகுதியில் வைத்துச் சுற்றிப் பார்க்கலாம். முள் அசையாவிட்டால் பழுது சக்கில் மட்டுமே. மூக்கின் விட்டம், அங்குலத்துக்கு மரை எண்ணிக்கை, தோளின் நீளம், உள்கூம்பின் எண் ஆகியவற்றை அளந்து எந்திரத்தின் மேலேயே பெயின்டால் எழுதி வைப்பது நல்லது. இத்தகைய எந்திரங்களைச் செய்த நிறுவனங்கள் பல இப்போது இல்லை.