பாலை நிறுத்தச் சொன்னவர்கள்

மகள் பிறந்த ஏழாவது வாரம் எனக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து, "அஞ்சு நாளைக்குப் பால் கொடுக்காதீங்க" என்றார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளும், பாலூட்டும் பெண்களிடம் இதன் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்றது. கட்டிய பாலை வெளியேற்றாவிட்டால் நோய் முற்றும் என்பதும், இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் கிளாக்சசிலின், செஃபலெக்சின் போன்றவற்றை எடுத்துக்கொண்டே பாலூட்டலாம் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அதற்குள் மகள் புட்டிக்குப் பழகிவிட்டாள்.

'நிறுவப்படவில்லை' என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு.

1950களின் இறுதியிலிருந்து கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தரப்பட்ட தாலிடோமைடு மாத்திரையால், பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைபாட்டோடு பிறந்தன. கர்ப்பத்தில் அதன் விளைவை முறையாகச் சோதிக்காமலே விற்றிருந்தார்கள். சோதித்த பிறகே கொடுக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து கற்றிருக்க வேண்டிய பாடம். ஆனால் 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. கருத்தடை முறைகளைப் பயன்படுத்தியவர்களுக்கும் இதே விதிதான். 1993இல் அது விலக்கப்பட்ட பிறகும், பாலூட்டும் பெண்கள் பெரும்பாலும் சோதனைகளுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

கருப்பைக்குச் சொன்ன அச்சத்தை அப்படியே மார்புக்கும் சொல்லிவிட முடியாது. தாயின் இரத்தத்தில் உள்ள மருந்தில் பெரும்பாலும் சிறு பங்குதான் பாலில் சேர்கிறது. ஹெப்பாரின் போன்ற பெரிய மூலக்கூறுகள் ஏறக்குறைய சேர்வதே இல்லை. உடல் எடைக்கேற்பக் கணக்கிட்டால், தாய் எடுக்கும் அளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகக் குழந்தைக்குப் போகும் மருந்துகளைப் பொதுவாக ஏற்கலாம் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். இதை அறிய எவரும் புதிதாக மருந்து குடிக்க வேண்டியதில்லை. நோய்க்காக ஏற்கெனவே மருந்து எடுக்கும் தாய்மாரிடம் கொஞ்சம் பால் கேட்டு வாங்கி அளந்தாலே போதும்.

எல்லா மருந்தும் பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. கதிரியக்க அயோடினுக்கும் புற்றுநோய் மருந்துகள் பலவற்றுக்கும் பாலை நிறுத்தத்தான் வேண்டும். சில பெண்களின் உடல் கோடீனை வெகுவேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும் என்பதால், பாலூட்டுபவர்கள் அதைத் தவிர்க்கும்படி 2017இல் அதே நிர்வாகம் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை காரணத்தைச் சொன்னது. என் மருந்துத் தாள் எந்தக் காரணமும் சொல்லவில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1983இல் பாலில் கலக்கும் மருந்துகளின் பட்டியலை வெளியிட்டது. 2006 முதல் லாக்ட்மெட் என்ற தரவுத்தளம் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கிறது. அப்படியும் 2021 ஜனவரியில் இந்தியாவில் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, பாலூட்டும் பெண்களுக்குப் போட வேண்டாம் என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் சொன்னது. அவர்கள் எந்தச் சோதனையிலும் சேர்க்கப்படவில்லை என்பதே அது சொன்ன காரணம். அந்த முதல் கட்டம் மருத்துவப் பணியாளர்களுக்கானது. கைக்குழந்தை வைத்திருந்த செவிலியர்களும் ஆஷா பணியாளர்களும் தடுப்பூசி இல்லாமல் வேலைக்குப் போனார்கள். மே 19 அன்றுதான் அமைச்சகம் அவர்களுக்கு அனுமதி அளித்தது. அதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டிருந்தது.

சோதனையில் சேர்க்காதது அவர்கள் முடிவு. அதன் விலையை மார்பு கனக்க, குழந்தை அழ, நாங்கள் கொடுத்தோம். இப்போது யாராவது பாலை நிறுத்தச் சொன்னதாக என்னிடம் வந்து சொன்னால், மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லி அனுப்புகிறேன்: இந்த மருந்து பாலில் எவ்வளவு சேரும்? அது குழந்தையை என்ன செய்யும்? பாலூட்டிக்கொண்டே எடுக்க வேறு மருந்து இருக்கிறதா?